கிரவுண்டுக்கு 21 காசு

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், யாராவது ஒரு தொகையைச் சொன்னால் உடனே அதை இன்னொன்றால் வகுத்துப் பார்க்கத் தோன்றும். கெட்ட பழக்கம்தான். ஆனால் சில நேரம் உதவும்.

சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸ். சுமார் 160 ஏக்கர். அரசாங்கத்தின் நிலம், அதாவது உங்கள் நிலம், என் நிலம். 1945-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது. வாடகை 614 ரூபாய் சொச்சம். மாசத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வருஷத்துக்கு!

ஒரு ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. மெட்ராஸ்காரர்களின் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக, 160 ஏக்கர் என்பது 2,904 கிரவுண்டு. இப்போது 614-ஐ 2,904-ஆல் வகுங்கள்.

21 காசு.

ஒரு கிரவுண்டுக்கு, ஒரு முழு வருஷத்துக்கு, 21 காசு வாடகை. 99 வருஷத்துக்கும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு கிரவுண்டுக்கு 21 ரூபாய். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பைக்கை விட்டுவிட்டு ஆபீஸ் போய்த் திரும்பினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அவ்வளவு ஆகிறது. பைக் அடைக்கிற இடம் மிஞ்சிப்போனால் இருபது சதுர அடி. நீங்கள் ஒரு நாள் பைக் நிறுத்தக் கொடுக்கிற காசுக்கு, கிண்டியில் ஒரு கிரவுண்டு நிலத்தை ஒரு மனித ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். குதிரை ஓடவிடலாம். நடுவில் கோல்ஃபும் ஆடலாம்.

'1945-ல் 614 ரூபாய் பெரிய காசுதானே சார்?' என்று கேட்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குக் கிண்டி ஊருக்கு வெளியே. வேளச்சேரி வயலும் ஏரியும். அந்த 614 ரூபாயை நிர்ணயித்த வெள்ளைக்கார சர்க்காரை நான் குற்றம் சொல்லவில்லை. அதை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன். அரிசி விலை ஏறியது. பஸ் டிக்கெட் ஏறியது. உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டு, பன்னிரண்டாவது மாசம் பிறப்பதற்குள் 'கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்று கதவைத் தட்டுகிறார். சாதாரண ஜனங்களுக்குப் பதினோரு மாசம். கிளப்புக்கு 99 வருஷம்.

அரசாங்கம் தூங்கிக்கொண்டே இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1970-ல் ஒரு தடவை கண் விழித்தது. வாடகையை உயர்த்தப் போகிறோம் என்று நோட்டீஸ் போனது. குத்தகைப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை என்று கிளப் பதில் சொன்னது. ஃபைல் மறுபடி படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1974-ல் தி.மு.க. ஆட்சி குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் போட்டது. 1986-ல் அ.தி.மு.க. ஆட்சி கிளப்பையே அரசுடைமையாக்க ஒரு சட்டம் போட்டது. இரண்டும் சுப்ரீம் கோர்ட் வரை போயின. 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு. கிளப்பை எடுத்துக்கொண்ட 1986 சட்டம் செல்லாது. இரண்டு கழகங்களும் குதிரையைப் பிடிக்க ஓடின. காலுக்குக் கீழே இருந்த தரையைக் கோட்டை விட்டன. பந்தயம் நல்லதா கெட்டதா என்று இருபது வருஷத்துக்கு மேல் வாதாடினார்களே தவிர, 'அது கிடக்கட்டும், வாடகை என்னாச்சு?' என்ற வீட்டுக்காரர் கேள்வி கோர்ட்டில் உருப்படியாக எழ இன்னும் பல வருஷம் ஆனது.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. 1970 முதல் 2004 வரையிலான வாடகைப் பாக்கி 730 கோடியே 86 லட்ச ரூபாயைக் கட்டச் சொன்னது. அதற்குப் பிந்திய வருஷங்களுக்கும் வாடகையைத் திருத்தி நிர்ணயிக்கச் சொன்னது. ஊட்டியில் அதே கிளப்பின் கையில் இருந்த 52 ஏக்கர் சொச்சம் ரேஸ் கோர்ஸுக்கு அரசாங்கம் கேட்ட பாக்கி 822 கோடி. 2024-ல் முதலில் ஊட்டி நிலத்தை வருவாய்த்துறை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டிக் குத்தகையும் ரத்தாகி, கேட்டுக்கு சீல் விழுந்தது. விவகாரம் மறுபடி கோர்ட் படி ஏறியது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் கருத்துச் சொல்ல ஆசையில்லை.

என் சண்டை கிளப்போடு இல்லை. குறைந்த வாடகைக்கு இடம் கிடைத்தால் யார்தான் காலி செய்வார்கள்? நானாக இருந்தாலும் செய்ய மாட்டேன். என் சண்டை பட்ஜெட் புத்தகத்தோடு.

* * *

மாநில பட்ஜெட் என்பது ஒற்றைப் புத்தகம் இல்லை. கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை, கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு ஆள் சுமக்க முடியாத அளவுக்குக் காகிதம். அதில் ஏழைக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வரி உண்டு. அரிசிக்கு இவ்வளவு, முதியோர் பென்ஷனுக்கு இவ்வளவு. பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போவதற்கு 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது மானியம் என்று பெயர் சொல்லி அச்சானது. அச்சானதால் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததால் டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை 'ஓசி, ஓசி' என்று பேச முடிந்தது. பூ விற்கப் போகிற அம்மா சீட்டு வாங்கும்போது கண்டக்டர் பார்க்கிற பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி. கிரவுண்டுக்கு 21 காசு என்று கொடுத்தோமே, அது எந்தப் பக்கத்தில் அச்சானது?

வரவுப் பக்கத்தில் 614 ரூபாய் எங்கேயோ ஒரு தலைப்புக்குள் கலந்துபோயிருக்கும். செலவுப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் அரசாங்கக் கணக்கு ரொக்கக் கணக்கு. கஜானாவிலிருந்து வெளியே போனால்தான் செலவு. உள்ளே வரவேண்டியது வராமல் போனால் அது செலவே கிடையாது. கல்லாப் பெட்டியிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தால் கணக்கில் எழுதுவேன். நூறு ரூபாய் சரக்கைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தால் எழுத மாட்டேன் என்கிற கடைக்காரர் எத்தனை நாள் கடை நடத்துவார்?

எங்கள் காலேஜில் காஸ்டிங் வகுப்பு எடுத்த வாத்தியார் ஒரு உதாரணம் சொல்வார். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவன் 'எனக்கு வாடகையே இல்லை' என்று சந்தோஷப்பட்டால் அவனுக்குக் கணக்குத் தெரியாது என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தை வெளியே விட்டால் என்ன வருமோ, அது அவன் செலவு. காசாகக் கையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புரிந்த இந்த விஷயம் கோட்டையில் யாருக்கும் புரியாமல் இருக்காது. புரிந்ததால்தான் எழுதவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கோர்ட் சொன்ன 730 கோடியை 34 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 21 கோடி சொச்சம். அதையும் ஊட்டிக்குக் கேட்ட 822 கோடியையும் கூட்டினால் 1,550 கோடியைத் தாண்டும். 2025-26-ல் ஒதுக்கிய தொகைப்படி, தமிழ்நாட்டுப் பெண்கள் ஐந்து மாசம் பஸ்ஸில் போகிற 'ஓசி'க்குச் சமம். இரண்டே இரண்டு மைதானம். ஐந்து மாச பஸ். ஒன்று ஊரெல்லாம் கேட்கிற ஓசி. இன்னொன்று ஊமை ஓசி.

இதனால் தமிழ்நாட்டின் கடன் தீர்ந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். 2025-26 பட்ஜெட்டில் போட்ட வருவாய்ப் பற்றாக்குறையே 41,635 கோடி. 34 வருஷப் பாக்கியான 730 கோடி மொத்தமாக வந்து விழுந்தாலும் அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆகவே 'பணக்காரக் கிளப்பை மூடு, பட்ஜெட் பள்ளத்தை மூடு' என்பது மேடைக்கு நன்றாக இருக்கும். கணக்குக்கு ஒத்துவராது.

அப்புறம் எதற்கு இவ்வளவு கத்தல்? தொகைக்காக இல்லை, பழக்கத்துக்காக. கிண்டியும் ஊட்டியும் வழக்குப் போட்டதால் நமக்குத் தெரிந்த இரண்டு. வழக்குப் போடாத இடம் எத்தனை? எந்த ஊரில், எந்த டென்னிஸ் கோர்ட், எந்த ஆபீசர்ஸ் ரிக்ரியேஷன் கிளப், எத்தனை சென்ட், என்ன வாடகை, எப்போது முடிகிறது? அந்தப் பட்டியலை பட்ஜெட்டோடு சேர்த்து நம் கையில் கொடுக்கிற வழக்கமே இல்லை. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று பிரித்துச் சொன்னார். நல்ல காரியம். கடனைக் குடும்பவாரியாகப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாதா? கடனில் மட்டும் நாங்கள் பங்காளி, சொத்தில் இல்லையா?

* * *

'இதெல்லாம் நடக்கிற காரியமா? ஒவ்வொரு மைதானத்துக்கும் யார் சார் கணக்குப் பார்ப்பது?' என்கிறவர்களுக்காக ஒரு வெளிநாட்டுச் சமாச்சாரம். அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கணக்கு எழுதுகிற விஷயத்தில் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது.

அங்கே மத்திய அரசின் கையில் காடும் மலையும் பாலையுமாக ஏகப்பட்ட பொதுநிலம். அதில் ஆற்றில் படகு விடுகிறவர், மலையேறக் கூட்டிப்போகிறவர், குதிரைச் சவாரி நடத்துகிறவர் எல்லோரும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நில மேலாண்மைத் துறையின் இடமென்றால், இப்படித் தொழில் செய்கிறவர்கள் மொத்த வசூலில் 3 சதவீதம் கட்டுவது நெடுநாள் வழக்கம். வசூல் ஏறினால் அரசாங்கத்தின் பங்கும் தானாக ஏறும். 99 வருஷம் உறைந்து கிடக்காது. 2004-ல் வந்த ஒரு சட்டப்படி, வசூலாகிற கட்டணத்தில் பொதுவாக 80 சதவீதம் வசூலான இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். கழிப்பறை, பாதை, காவல், பராமரிப்பு.

2025 ஜனவரியில் 'எக்ஸ்ப்ளோர்' என்று ஒரு சட்டம் அங்கே கையெழுத்தானது. இந்த அனுமதிகளைச் சுலபமாக்குவது அதில் ஒரு பகுதி. அந்த ஊர்ப் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா கமிட்டியைத் தாண்டி வந்தால், அதனால் கஜானாவுக்கு என்ன ஆகும் என்று எழுதிக் கொடுப்பதற்கென்றே ஒரு ஆபீஸ் இருக்கிறது. 1974-ல் சட்டம் போட்டு உண்டாக்கியது. கட்சிக்காரர்கள் கையில் இல்லை. அனுமதிக் கட்டணத்தைக் குறைத்தால் வரவு எவ்வளவு குறையும்? அனுமதி சுலபமானால் கூட்டம் கூடி வரவு எவ்வளவு ஏறும்? ஏறுகிற பணத்தை அந்த இடத்திலேயே செலவு செய்துகொள்ளலாம் என்பதால் செலவு எவ்வளவு ஏறும்? கழித்துப் பார்த்தால் பத்து வருஷத்தில் என்ன மிஞ்சும்? இத்தனைக்கும் பதில் எழுதியாக வேண்டும். அந்த நாட்டு பட்ஜெட்டில் இந்தத் தொகை ஒரு கொசு. ஆனாலும் எழுதுகிறார்கள்.

நம்மாலும் முடியாதது இல்லை. 2006-07 முதல் மத்திய பட்ஜெட்டில் ஓர் இணைப்பு வருகிறது. கம்பெனிகளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்த வரிச் சலுகையால் வராமல் போன வருமானம் எவ்வளவு என்று அதில் போடுகிறார்கள். வராத வரியைக் கணக்குப் போட முடிகிறது. வராத வாடகையை மட்டும் முடியாதா?

* * *

எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். மூன்று இருக்கிறது. மூன்றையும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது, 'நாங்கள்தான் வரி கட்டுகிறோமே!' உண்மைதான். பந்தயத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது; 2025 செப்டம்பரில் அது 40 ஆகிவிட்டது. ஆனால் பந்தயத்துக்குப் போடுகிற வரி வேறு, இடத்துக்குக் கொடுக்கிற வாடகை வேறு. தெருமுனை ஓட்டல்காரர் இட்லிக்கு ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அதைக் காட்டி, 'அதனால் கடைக்கு வாடகை தர மாட்டேன்' என்று கட்டட உரிமையாளரிடம் சொல்லிப் பார்க்கட்டும். அடுப்பு தெருவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது, 'லாயத்தில் வேலை செய்கிறவர்கள் கதி?' இது நியாயமான கேள்வி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, நடத்திக் கூட்டிப்போகிறவருக்கும் 614 ரூபாய்க்கும் சம்பந்தம் இல்லை. குத்தகையைத் திருத்தும்போது முதலில் அடிபடுகிறவர் அவர்தான். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவர் பெயரில் பணம் ஒதுக்குங்கள். அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். நூறு பேர் பிழைப்பைக் காட்டி ஆயிரம் கோடி நிலத்தைச் சும்மா கொடுப்பது, அந்த நூறு பேரைக் கேடயமாகப் பிடிப்பது.

மூன்றாவதுதான் கனமானது. 'கிளப் கையில் இருந்ததால்தான் அந்த இடம் பச்சையாக மிச்சமிருக்கிறது. அரசாங்கம் கையில் போயிருந்தால் இந்நேரம் அடுக்குமாடியாகியிருக்கும்.' இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் எப்படிப் பதில் சொல்வான்? சதுப்பு நிலத்துக்குள்ளேயே குப்பை கொட்டின ஊர் இது.

ஆனால் இந்த வாதம் எதற்கு நியாயம் சேர்க்கிறது என்று பாருங்கள். நிலத்தைக் கட்டடமாக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்குச் சேர்க்கிறது. அதைச் சுவர் எழுப்பி, உறுப்பினருக்கு மட்டும், 21 காசுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதற்குச் சேர்க்கவில்லை. மும்பையில் மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ் 211 ஏக்கர். 2013-ல் குத்தகை முடிந்தது. பதினோரு வருஷம் இழுபறி. 2024-ல் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு, 91 ஏக்கர் பந்தயத்துக்கு 2053 வரை புதுக் குத்தகை என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினை சரியா என்பதில் அந்த ஊரிலேயே சண்டை உண்டு. ஆனால் குதிரையும் ஓடலாம், ஜனங்களும் நடக்கலாம் என்ற வழி ஒன்று இருப்பது தெரிகிறதில்லையா?

* * *

இதுவரை படித்துவிட்டு 'ஆஹா, அரசாங்கத்துக்கு ஆதரவாக எழுதுகிறான்' என்று கோட்டையில் யாராவது சந்தோஷப்பட்டால், கொஞ்சம் பொறுங்கள். அடுத்த அடி உங்களுக்கு.

கதீட்ரல் ரோட்டில் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த அரசு நிலத்தை மீட்டார்கள். ஆறு ஏக்கர் சொச்சத்தில், சுமார் 46 கோடி ரூபாய் செலவில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா கட்டி 2024 அக்டோபரில் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், குழந்தைக்கு 50. கம்பியில் தொங்கிப் போவதற்குத் தனி, பறவை பார்ப்பதற்குத் தனி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கேட்டைத் தாண்ட மட்டும் 300 ரூபாய். உள்ளே போன பிறகு பிள்ளைகள் சும்மா இருக்குமா?

கணக்கைப் பாருங்கள். கிளப்புக்கு 160 ஏக்கர், ஒரு வருஷத்துக்கு 614 ரூபாய். ஆயிரம் விளக்கில் குடியிருக்கிற குடும்பத்துக்கு ஆறு ஏக்கர், ஒரு சாயங்காலத்துக்கு 300 ரூபாய். பணக்காரர் ஓசியை ஒழித்து ஏழைக்கு டிக்கெட் போடுவதற்குப் பெயர் சீர்திருத்தமா?

மலையேற்றமும் அப்படித்தான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். ஆன்லைனில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். நல்ல திட்டம். குரங்கணிக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டணம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வழிகாட்டிக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஆனால் கடினமான பாதைகளுக்குத் தலைக்கு ஆயிரக்கணக்கில் வைத்தபோது, எந்தக் காலேஜ் பையனுக்குக் காட்டைக் காட்ட நினைத்தார்களோ அவன் வீட்டிலேயே இருந்துவிட்டான். அந்தக் கட்டணத்தில் வழிகாட்டிக்கு எவ்வளவு, காட்டுக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு? டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் கட்டுகிறவன் சந்தோஷமாகக் கட்டுவான்.

இங்கேதான் பட்ஜெட் என்பது வெறும் வரவுக் கணக்கு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிண்டி நிலத்தை எடுத்த பிறகு அதில் மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டினார்கள். 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்றும் அறிவித்தார்கள். குளம் டிக்கெட் போடாது. வருமானம் பூஜ்யம். ஆனால் 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியில் கார் மிதந்ததைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அந்தக் குளம் ஒரு தெருவில் ஒரு அடி தண்ணீரைக் குறைத்தால்கூடப் போதும். கெட்டுப்போகாத ஃபிரிட்ஜ், நனையாத சர்ட்டிபிகேட், அரசாங்கம் கொடுக்க வேண்டியிராத நிவாரணம், எல்லாமே வருமானம்தான். பூங்கா டிக்கெட்டில் வந்த 100 ரூபாய் பட்ஜெட்டின் கண்ணுக்குத் தெரியும். நனையாத வீடு தெரியாது. கிளப்புக்குக் கொடுத்த ஓசி எப்படிக் கண்ணில் படவில்லையோ, அதே குருட்டுக் கண்.

* * *

கத்திவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நான்கு விஷயம்.

ஒன்று. வருஷா வருஷம் பட்ஜெட்டோடு ஒரே ஒரு இணைப்பு. பொழுதுபோக்குக்காகக் குத்தகைக்கோ அனுமதிக்கோ விட்ட அரசு நிலம் ஒவ்வொன்றும், அது எத்தனை ஏக்கர், யாரிடம் இருக்கிறது, என்ன வாடகை, சந்தை வாடகை என்ன, எப்போது முடிகிறது. ஐந்தே கட்டம். இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'மானியம்' என்று தலைப்புப் போடுங்கள். பஸ்ஸில் போகிற அம்மாவுக்கு எந்த வார்த்தையோ அதே வார்த்தை.

இரண்டு. 99 வருஷம் என்கிற பேச்சே கூடாது. பத்து வருஷம், நடுவில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தம். தொழில் நடக்கிற இடம் என்றால் வசூலில் ஒரு பங்கு. தாத்தா போட்ட கையெழுத்தில் பேரன் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மூன்று. எல்லாப் பொழுதுபோக்கும் ஒன்றில்லை. நடப்பது, உட்காருவது, பிள்ளைகள் பந்து விளையாடுவது, இதற்கெல்லாம் காசு வாங்கக் கூடாது. வழிகாட்டி, பாதுகாப்பு தேவைப்படுகிற மலையேற்றம் போன்றவற்றுக்கு அடக்க விலை. உறுப்பினருக்கு மட்டும் என்று போர்டு மாட்டினால் சந்தை விலை, ஒரு பைசா குறையாமல். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு வாடகை.

நான்கு. வசூலாகிற பணத்தில் பெரும்பங்கு அந்த இடத்துக்கே. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்டிலேயே ஒரு போர்டு. ரேஷன் கடை வாசலில் இருப்பு எழுதி வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

இதில் எதற்கும் புதுக் கட்சி வேண்டாம், புரட்சி வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கிளார்க், எழுதிவிட வேண்டும் என்கிற மனசு. கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அந்த இணைப்பில் வரப்போகிற பல இடங்களில், மாலை நேரத்தில் போய் உட்காருகிறவர்களில் அந்த இணைப்பைத் தயாரிக்க வேண்டியவர்களும் உண்டு. ஃபைல் நகராத ரகசியம் சில சமயம் ஃபைலுக்குள் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி உள்தெரு ஒன்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியிருந்த ஆட்டோதான் ஸ்டம்ப். பந்து யார் வீட்டு காம்பவுண்டுக்குள் போனாலும் அவுட். அப்படி ஒரு விதி அவர்களாகவே வைத்துக்கொண்டது. என் ஸ்கூட்டர் வந்ததும் 'வண்டி, வண்டி!' என்று கத்திக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தி ஓரம் போனார்கள். நான் தாண்டின பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு ஓவருக்குள் நான்கு வண்டி.

இந்தப் பையன்கள் விளையாட அரசாங்கம் ஒரே ஒரு கிரவுண்டு கொடுக்கட்டும். பழைய ரேட்டிலேயே கொடுக்கட்டும். 99 வருஷ வாடகை 21 ரூபாயை நான் இன்றைக்கே அட்வான்ஸாகக் கட்டிவிடுகிறேன். ரசீது மட்டும் வேண்டும். பட்ஜெட் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதினார்கள் என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.